சத்தம் போடும் கியர்

பள்ளிகொண்டா தாண்டியதும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர், மடியில் துண்டு சுற்றி வைத்திருந்த ஸ்டீல் கியரைத் தட்டியபடி மனைவியிடம் சொன்னார்: "சத்தம் போடற கியரா பாத்துதான் வாங்கினேன்."

"பழைய நைலான் கியர் சத்தமே இல்லாம ஓடுச்சே. அதுக்கு இன்னா?"

"அதான் பேஜாரு. பல்லு உடைஞ்சி டேனரி டிரம்மு நின்னதே யாருக்கும் தெரியல. உள்ள இருந்த தோலு பூரா திட்டுத்திட்டா சாயம் புடிச்சிருச்சி. இது தடதடன்னு கத்தும். சத்தம் நின்னா, டேனரிக்குப் பின்னாடி நம்ம வூட்ல படுத்துக்கிட்டே கண்டுபுடிச்சிடுவேன்."

"அப்போ டிரம்மு ஓடுதா பாக்கறேன்னு பாதி தூக்கத்துல எழுந்து போவ மாட்டியே?"

"எதுக்குப் போவணும்? நல்லா தூங்குவேன்."

அந்த அம்மா இரண்டு கைகளையும் கியரை நோக்கி நீட்டினார்.

"அத இப்டி குடு. பஸ்ஸு குலுங்குது, கீழ போட்டுடப் போற."