ஜாதகம் பார்க்காத ஆபரேஷன்

திட்டக்குடி பஸ்ஸு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையைத் தாண்டியபோது, என் முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். சின்னவர் சொன்னார்:

"எங்க அண்ணனுக்குப் புராஸ்டேட் கேன்சருன்னதும் அழுதுட்டேங்க்கா. டாக்டரு யாருன்னு கேட்டதும் சிரிச்சிட்டேன்."

"அடிப்பாவி! ஏன்டி?"

"மஸ்கட்டுல வேலை பார்க்குற அண்ணன் அங்க ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. தமிழ்ல பேசுற ஸ்பெஷலிஸ்டு வேணும்னு தேடித் தேடி, கடைசியில நம்மூருக்காரரே கெடைச்சாரு. யாருன்னு நெனைக்கிறீங்க? மொதமொத என்னைப் பொண்ணு பார்க்க வந்தாரே, அவருதான். ஜாதகம் பொருந்தலன்னு அண்ணன்தான் தட்டிவுட்டுச்சு."

"ஐயையோ! அவருகிட்டயா அவுத்துக் காட்டுனாரு?"

"வேற வழி? எல்லாம் பார்த்து முடிச்சி, கை கழுவிட்டு, 'தங்கச்சி நல்லா இருக்காங்களா?'ன்னு கேட்டாராம். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டிடுச்சாம்."

"சரி, வியாதி எப்படியாம்?"

"ஆரம்பந்தானாம். ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு சொல்லியிருக்காரு."

"நல்ல நாளு பார்த்தாச்சா?"

"அண்ணி இங்க ஜாதகத்தைத் தூக்கிகிட்டு ஜோசியருகிட்ட கெளம்புனாங்க. அண்ணன் போன்லயே கத்துது: 'ஜாதகம்ங்கிற பேச்சே அவரு காதுல வுழக்கூடாது! அவரு சொல்ற நாளுதான் நல்ல நாளு!'"