அவர் தொடாத பிள்ளை

மாங்குளம் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பக்கத்தில் திருநீறு பூசிய அம்மா ஒருவர்.

"பிள்ளைக்கு நான்தான் ஞானஸ்நானம் குடுத்தனான். பிள்ளையின்ர அப்பா மாட்டனெண்டிட்டார்" என்றாள் அந்தப் பெண்.

"அது சுவாமியார் குடுக்கிறதல்லோ?"

"சாகக்கிடந்தா ஆரும் தண்ணி ஊத்தலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், வலிப்பு. சுவாமியார் மாசத்தில ஒருக்காத்தான் வருவார். இவர், தண்ணி ஊத்தினால் பிள்ளை தப்பாதெண்டு கைவிட்ட மாதிரியெண்டு அழுதார்."

"உமக்குப் பயமில்லையோ?"

"இல்லாமலோ? அரைவாசித் தண்ணி பாயில ஊத்துப்பட்டுப் போச்சு. வைச்சிருந்தாலும் எடுத்தாலும் இது உம்முடைய பிள்ளைதான் ஆண்டவரே எண்டு சொல்லி மிச்சத்தைத் தலையில ஊத்தினனான்."

அம்மா குழந்தையின் பாதத்தைத் தொட்டார். "இப்ப சுகம்தானே?"

"ஓம். மிச்சச் சடங்குக்குத்தான் மாதா கோயிலுக்குப் போறம். தண்ணி திருப்பி ஊத்தமாட்டினம். ஊத்தினது ஊத்தினதுதான்."

"அவர் வரேல்லையோ?"

"முன்னுக்கு இருக்கிறார். அண்டைக்குப் பிறகு வெக்கத்தில பிள்ளையைத் தொடவே இல்லை."

கோயிலடியில் பஸ் நின்றது. முன்னால் ஒருவர் எழுந்து, தலையைக் குனிந்தபடி வழிவிட்டு நின்றார். அவள் இறங்கவில்லை. குழந்தையை அவர் முன்னே நீட்டினாள்.

"பிடியுங்கோ."

அவர் சால்வையில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டார்.