புள்ளி போனால் உயிர் வரும்

அவைக்கு அழகும் அரங்குக்கு அமைதியும் தந்து தலைமை வீற்றிருக்கும் எங்கள் தலைமை ஆசிரியை அவர்களே! மதிப்பெண்ணைத் தாளிலும் மனத்தை முகத்திலும் மறைத்து வைத்திருக்கும் நடுவர் மூவரே! வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தந்தையரே! வேலையையும் சுமந்துகொண்டு வந்திருக்கும் தாய்மாரே! ஐந்து நிமிடத்துக்கு மேல் எவரையும் மன்னிக்காத மணியைக் கையில் பிடித்திருக்கும் விளையாட்டு ஆசிரியர் அவர்களே! இரண்டாம் வரிசையின் ஓரத்தில் ஆளில்லாமல் இருக்கும் அந்த இரண்டு நாற்காலிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நாற்காலிக்கு ஏன் வணக்கம் என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். சிறிது நேரத்தில் சொல்கிறேன்.

'குறைந்த செலவில் நிறைந்த பயணம்.' இதுதான் எனக்குக் கிடைத்த தலைப்பு. பயணம் என்றால் என்ன? பை தூக்குவதா? படம் பிடிப்பதா? பார்த்த இடங்களைப் பட்டியல் போடுவதா? இல்லை அவையோரே! பார்க்க வேண்டிய ஒருவர் முன்னால் போய் நிற்பதே பயணம். மற்றவை எல்லாம் வெறும் போக்குவரத்து!

(கைதட்டலுக்கு நன்றி. ஆனால் அந்த நேரத்தையும் என் கணக்கில்தான் சேர்ப்பார் ஆசிரியர்.)

என் அம்மா செவிலியர். அவர் வேலை பார்த்த மருத்துவமனை, தூரத்து நகரம் ஒன்றில் கிளை திறந்தது. போனால் வேலை உண்டு, போகாவிட்டால் இல்லை. போனார். போய் இரண்டரை ஆண்டு ஆகிறது. இதுவரை வந்தது ஒரே முறை. ரயிலில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்குச் சேர்ந்தாற்போல் நான்கு நாளுக்கு மேல் விடுப்பு கிடைக்காது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் ஐந்தாம் நாள்வரை காத்திருப்பாரா? போக இரண்டு, வர இரண்டு என்றால், நடுவில் முகம் பார்க்க நாள் எங்கே? விமானத்தில் போகலாம். ஆனால் இரண்டு ஊரில் இரண்டு வாடகை கொடுக்கும் வீட்டில், விமானம் வானத்தில் மட்டும்தான் பறக்கும்.

அப்போதுதான் அப்பா அந்த அட்டையை வாங்கினார். கிரெடிட் கார்டு. செலவு செய்தால் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் விமானச் சீட்டு வரும். அன்று முதல் எங்கள் வீட்டில் அரிசிக்குப் புள்ளி, அழிப்பானுக்குப் புள்ளி, கொசுவத்திக்குக்கூடப் புள்ளி! அண்டை வீட்டார் மின்கட்டணத்தைப் பணமாக வாங்கிக்கொண்டு, அப்பா தன் அட்டையில் கட்டினார். மாடி வீட்டு அத்தை குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனபோது கூடவே போய் நின்றார்.

"என்ன பெரிய புள்ளி, இன்னைக்கு எத்தன புள்ளி தேறுச்சு?" என்று அத்தை கேலி செய்வார்.

"சிரிங்கக்கா, சிரிங்க. ஒருநாள் உங்க தலைக்கு மேலயே பறந்து போறேனா இல்லையான்னு பாருங்க" என்பார் அப்பா.

அந்த அத்தை இதோ முதல் வரிசையில் இருக்கிறார். முகத்தைக் கைக்குட்டையால் மறைத்தாலும் தெரிகிறது அத்தை!

அட்டையை ஆளத் தெரிந்தவர் என் அப்பா. ஒரு மாதமும் பாக்கி வைத்ததில்லை. கெடு நாளுக்கு முன்னே முழுத்தொகையும் கட்டிவிடுவார். கட்டத் தவறினால் புள்ளி ஒரு கையால் கொடுக்கும், வட்டி இரு கையாலும் பிடுங்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! புள்ளிக்காகத் தேவையில்லாத பொருள் ஒன்றும் வாங்கியதில்லை. எல்லாம் சரியாகச் செய்தார். ஒன்றே ஒன்றில் தவறினார். சேர்த்தார், சேர்த்தார், சேர்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்மா. முப்பதாயிரம் ஆகட்டும்" என்றார்.

ஞாயிறு காலைதோறும் அப்பா அட்டை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்துப் புள்ளிக் கணக்கைக் கேட்பார். பதிவு செய்த ஒரு பெண் குரல் பதில் சொல்லும். "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று அது சொன்னதும், "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்பார் அப்பா. அது எண்ணைச் சொல்லும். "ரொம்ப நன்றிம்மா. வச்சிடட்டுமா?" என்பார்.

"அப்பா, அது மெஷின்ப்பா."

"தெரியும்டா. அதுக்காக? ஒரு மனுஷி இவ்வளவு பொறுமையா பேசுறப்போ, பட்டுன்னு வைக்கிறதா?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருபத்தாறாயிரத்தைத் தாண்டியிருந்த எங்கள் புள்ளி, பதினாலாயிரத்து நூறு என்றது அந்தக் குரல். "அந்தம்மா தப்பா சொல்றாங்க. வேற யாரோடதையோ பாத்துட்டாங்க போல" என்று சொல்லி, அப்பா மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அதே குரல், அதே பொறுமை, அதே எண். நான் மின்னஞ்சலைத் தேடினேன். சேர்ந்து இரண்டு ஆண்டு ஆன புள்ளிகள் காலாவதியாகும் என்று எப்போதோ எழுதியிருந்தார்கள். விளம்பரம் என்று நினைத்து நாங்கள் யாரும் திறக்கவில்லை. மிச்சத்திலும் பாதி அந்த மாதக் கடைசியில் போய்விடும் என்றும் இருந்தது.

அவையோரே! மாத்திரையில் தேதி பார்க்கிறோம். ரொட்டியில் தேதி பார்க்கிறோம். காத்திருப்புக்கும் ஒரு தேதி உண்டு என்று யாராவது பார்க்கிறோமா?

அன்று அப்பா தொலைபேசியை வைக்கும்போது நன்றி சொல்ல மறந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் பள்ளி நூலகக் கணினியே என் விமான நிலையம் ஆயிற்று. சனிக்கிழமை நேராகப் போய்வர ஒருவருக்குப் பதினைந்தாயிரம் புள்ளி. அதே ஊருக்குச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை, நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினால் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு! கூட்டம் போகும் நாளில் போகாதே. கூட்டம் தூங்கும் நேரத்தில் கிளம்பு. நிறைய நாள் முன்பே பார், நேர்வழியை மட்டும் பார்க்காதே. இதுதான் நான் கற்ற திட்டமிடல். கிடைத்தது ஒரே ஓர் இருக்கை. போக ஒன்று, வர ஒன்று. அம்மாவுக்கு இன்னும் ஆறு மாதம் விடுப்பு இல்லை. ஆகவே இங்கிருந்து ஒருவர்தான் போக முடியும்.

"நீ போய்ட்டு வாடா. அம்மா உன்னத்தான் கேக்குறா. ஏர்போர்ட்ல வந்து கூட்டிக்குவா" என்றார் அப்பா. விவரங்களை நிரப்பும் வேலையை என்னிடமே கொடுத்தார். பயணியின் பெயர் என்ற கட்டம் வந்தது. நான் வாசம் போய்விட்ட அம்மாவின் தலையணை உறையை நினைத்தேன். என் பள்ளிச் சீருடையின் கழுத்துப் பட்டியை அம்மா தைத்த விதத்தை நினைத்தேன். பிறகு, இயந்திரத்திடம் நலம் விசாரிக்கும் ஒரு மனிதரை நினைத்தேன். அப்பாவின் பெயரை அடித்தேன்.

"என்னடா பண்ணி வச்சிருக்க! மாத்து, மாத்து!"

"மாத்த முடியாதுப்பா. பெயர் மாற்றம் கிடையாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

அப்பா அந்தக் கொட்டை எழுத்தை விரல் வைத்துப் படித்தார். "நீ மேடையேறும் அன்னைக்கு நான் இல்லாம போயிடுவேனேடா" என்றார். ஆம் அவையோரே, இன்று செவ்வாய்க்கிழமை. அந்த இரண்டு நாற்காலிகளும் என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரியவை.

(முதல் மணி அடித்துவிட்டது. இதோ முடிக்கிறேன்.)

இன்று காலை பல் துலக்கும்போது வீடு பெரிதாக இருந்தது. மாடி வீட்டு அத்தைதான் தலை பின்னி விட்டார். அழகாகத்தான் பின்னினார். ஆனாலும் அது அத்தை பின்னிய பின்னல். ஒரு பேச்சைத் தயாரித்துவிட்டு, அதைச் சொல்லிப் பார்க்க ஆள் இல்லாமல் கண்ணாடியிடம் சொல்லிப் பார்ப்பது எப்படி இருக்கும் தெரியுமா? கண்ணாடி கைதட்டும். நாம் தட்டினால் மட்டும்.

ஆனால் எனக்குத் தமிழ் இலக்கணம் துணைக்கு வந்தது. தலையில் புள்ளி வைத்த எழுத்துக்கு என்ன பெயர்? மெய். மெய் என்றால் உடம்பு. எத்தனை புள்ளி இருந்தும் அது தனியே இயங்காது. ஓர் உயிர் வந்து சேர வேண்டும். சேர்ந்தால் என்ன ஆகும்? 'க்' என்பதோடு 'அ' சேர்ந்தால் 'க'. புள்ளி எங்கே? போய்விட்டது! புள்ளி போனால்தான் உயிர் வந்தது என்று பொருள். புள்ளியைப் பூட்டி வைத்த மெய், கடைசிவரை தனி மெய்தான்!

ஆகவே சேருங்கள், செலவழியுங்கள். தேதி பாருங்கள், திட்டமிடுங்கள். ஆனால் முப்பதாயிரம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருவர் போக முடியாவிட்டால் ஒருவராவது போங்கள். எங்களிடம் இப்போது மிச்சம் அறுநூறு புள்ளி. அதற்கு ஒரு பேனாகூட வராது.

எதிரே உள்ள கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. பன்னிரண்டுக்கு அம்மாவின் பணி முடியும். மருத்துவமனை வாசலில், ஒரு லிஃப்ட் மெக்கானிக் கையில் பையோடு நின்றுகொண்டிருப்பார். அவரை ஒரு குரல் கூப்பிடும். அது பதிவு செய்த குரல் அல்ல. அவர் நலம் கேட்டால், அது திருப்பிக் கேட்கும்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் செவிகளுக்கும், காத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நாற்காலிகளுக்கும் என் நன்றி. ஆசிரியர் அவர்களே, இனி மணியை அடிக்கலாம். வணக்கம்.