இல்வரா பொழச்சுட்டா

டீயெல்லாம் பொறவு குடிக்கலாமுங்க. மொதல்ல இந்தப் புத்தகத்தக் கையில வாங்கிப் பாருங்க. உங்க கடையில வாங்குனதுதானே? அட்டையத் தொறந்தா உள்ள உங்க கடை முத்திரை இருக்குது, நீல மசியில. அதனால இது நம்ம சரக்கில்லைன்னு தள்ள முடியாது. இப்பச் சொல்லுங்க சில்வஸ்டர் சார், இது முழுப் புத்தகமா, இல்ல நடுவுல தாள உருவிட்டு வித்துட்டீங்களா?

கத்தலைங்க. என்ற தொண்டையே இப்படித்தான். லாரிச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி மெதுவாப் பேசறது மறந்தே போச்சு. வெளிய நிக்கிற உங்க கடைப் பொண்ணு பயந்துக்காதுங்க, கண்ணாடி வழியா எட்டி எட்டிப் பாக்குது. பயப்படாத கண்ணு, நான் சண்டைக்கு வரல. வந்தாலும் உன்னோட இல்ல.

என்னைத் தெரியாதுங்களா? லிங்கசாமி. கேத்தியில கேரட் ஏவாரம். அட, புஷ்பவல்லி டீச்சர் ஊட்டுக்காரர்னா உங்களுக்குத் தெரியும். ஆ, பாத்தீங்களா, உடனே மூஞ்சி மலருது. அவளுக்குன்னா எல்லாரும் மலருவாங்க. எனக்குத்தான் ஒருத்தனும் மலர மாட்டான். ஏன் டீச்சர் இப்பல்லாம் கடைப் பக்கமே வாறதில்லைங்கறீங்க. மழைங்க. குளிரு. குன்னூருக்கு எறங்கி ஏறணும்ல. அத விடுங்க, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

இந்தக் கதை உங்களுக்கு அத்துப்படியா இருக்கும். எனக்கு இப்பத்தான் தெரியும். பனிமலை மேல கோட்டை, றெக்கை மொளச்ச பாம்பு, பேசற கத்தி. இங்கிலீசுல எழுதுனதத் தமிழ்ல போட்டிருக்காங்க, ஒவ்வொரு பாகமும் செங்கல் தண்டி. அதுல இல்வரான்னு ஒருத்தி வாரா. ராணி இல்ல, மந்திரக்காரி இல்ல. கோட்டைக் கதவுக்குக் காவக்காரி. யார உள்ள உடறது, யார வெளிய நிறுத்தறதுன்னு பாக்கறதுதான் அவ வேல. என்ற சம்சாரத்துக்கு அந்தப் பொம்பளன்னா உசுரு. வேலைல இருந்த காலமெல்லாம் லேட்டா வந்த பிள்ளைகளக் கேட்டுல நிறுத்துன கை, அதனாலயோ என்னவோ.

இப்ப அது டிவில வருதுங்க. தமிழ்லயே பேசுது. வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே அவ சட்டம் போட்டுட்டா, கடைசிப் பாகத்தயும் படிச்சு முடிச்சாத்தான் டிவியத் தொடுவேன்னு. என்ற சட்டம் வேறங்க. கேரட்ட, வெளஞ்ச காட்டோட மொத்தமா வெல பேசறப்ப, காட்டுக்காரன் புடுங்கிக் காட்டறத நான் கையில கூட வாங்க மாட்டேன். நாலு மூலையிலயும் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, நானே புடுங்கி ஒடிச்சுக் கடிச்சுப் பாப்பேன். எழுத்துங்கறது காட்டுக்காரன் புடுங்கிக் காட்டறது. படம்னா சரக்கே கண்ணு முன்னால. அதப் பாத்துட்டு அப்பறம் வேணும்னா எழுத்தப் படி, எங்க கூட்டிச் சொன்னான், எங்க மறைச்சான்னு தெரிஞ்சு போகும். இத நான் சொன்னா சிரிக்கறா. படிச்சா இல்வரா என்னோட இல்வராங்க, பாத்தா அவங்க காட்டற இல்வராங்கறா.

நீங்களும் அவ கட்சிதானா? புத்தகம் விக்கறவரு வேறென்ன சொல்லுவீங்க. ஆனா ஒண்ணக் கேளுங்க. ஒருத்தன் முன்னாடியே காட்டச் சுத்திப் பாத்துட்டு வந்து ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கறான்னு வைங்க. அவன்கிட்ட ஏவாரம் பண்ண முடியாது. நாம எதச் சொன்னாலும் பொய்யிம்பான். இப்ப என்ற ஊட்டுல அதுதான் நடக்குது.

சொல்றேன். பாலத்துச் சண்டை வந்துச்சுங்க. இல்வரா ஒத்தையா நிக்கறா. அந்தப் பக்கம் படையே வருது. பாம்பு நெருப்பக் கக்குது, பாலம் எரியுது, இவ கீழ உழுகறா. அப்பறம் பாத்தா பாறையில ஒரு கை தெரியுது. புடிச்சு மேல ஏறி வந்துட்டா. மூஞ்சியெல்லாம் கரி. நான் குதிச்சுட்டேன். புள்ள, பொழச்சுட்டா, உன்ற இல்வரா பொழச்சுட்டான்னேன்.

அதுக்கு அவ என்ன சொன்னான்னு கேக்கறீங்களா? பொய்யிங்கறா. புத்தகத்துல பாலத்தோட அவளும் போயிட்டாளாம். அந்தப் பக்கத்தப் படிச்சுட்டு ரெண்டு நாள் சோறு எறங்கலையாம். எறங்கல, நாந்தான் பாத்தேனே, காச்சல்னு நெனச்சு மாத்திர வாங்கிக் குடுத்தேன். அப்படிச் செத்தவ எப்படி எந்திரிச்சு வருவான்றா.

அவங்களும் கூட உக்காந்துதானே பாத்தாங்கன்னு கேக்கறீங்க. கேள்வி கேக்கறது நானுங்க. சரக்குல கொறை இருக்குதுன்னு வந்தவன் நான். நீங்க கேட்டா நாயம் தலகீழாப் போயிரும்.

அடுத்த நாள் காலைல என்ன பண்ணேன், இந்தப் புத்தகத்தத் தூக்கிட்டு கேரட் கழுவற எடத்துக்குப் போயிட்டேன். அஞ்சாவது வரைக்கும் போனவன்தான் நானும், எழுத்துக் கூட்டுனா வரும். ஆனா செங்கல் தண்டி இருக்கறத முழுசாப் படிக்க ஆருக்கு நேரம்? நம்ம வழக்கப்படியே பாத்தேன். மொதப் பக்கத்துல ஒரு புடி, கால்வாசில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, முக்கால்ல ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு. கடைசிப் பக்கத்துல கெடச்சுதுங்க! இல்வரா கோட்டை வாசல்ல நிக்கறா, கதவத் தள்ளறா, சிரிக்கறா. அச்சடிச்சே இருக்குது. வந்து பாரு, உன்ற புத்தகத்துலயே உசுரோடதான் இருக்கறான்னு ஊடே அதிரச் சொன்னேன்.

நீங்களும் தலையில கைய வைக்கறீங்க. அப்ப உங்களுக்கும் தெரியும். அது கொழந்தையாமுங்க! அந்தக் கோட்டை ராணிக்குப் பொறந்த கொழந்தைக்கு, செத்தவ பேர வச்சிருக்காங்களாம். அதுதான் நடந்து பழகிட்டுக் கதவத் தள்ளுதாம். எனக்கென்னங்க தெரியும்? காட்டுல கடைசி மூலையில புடுங்குனா கேரட்டுத்தான் வரும், கேரட்டோட பேரன் வராது!

அவ சிரிச்சிருந்தாக் கூடப் பரவால்லீங்க. சிரிக்கல. படிக்காத புத்தகத்தப் படிச்சேன்னு சொல்றவரு, பாத்ததா சொல்றத எப்படி நம்பறதுன்னு கேட்டா. சத்தமே இல்லாமக் கேட்டா. என்ற சர்வீசுல எத்தனையோ பேரு என்னைப் பொய்யன்னிருக்காங்க. தொடச்சுப் போட்டுட்டு அடுத்த காட்டுக்குப் போயிருவேன். இதத் தொடைக்க முடியல.

சரி, சாட்சி வேணுமில்லன்னு பக்கத்து ஊட்டு ஐவி டீச்சரக் கூப்பிட்டேன். அவங்களும் இவளும் ஒரே பள்ளிக்கூடம். சர்ச்சுல பாட்டுப் பாடறவங்க, வாயில பொய்யே வராது. டிவில அதே பாலத்துச் சண்டையப் போட்டுக் காட்டுனேன். அவங்களும் பாத்துட்டு, ஆமா புஷ்பா, ஏறி வந்துட்டா, உசுரோட இருக்கறான்னாங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? ஐவியோட துண்டுக்கடியில வெரல் பேசிட்டீங்களான்னா. நாங்க ஏவாரிங்க மத்தவன் கண்ணுல படாம வெல பேசறதுக்குத் துண்டப் போட்டு உள்ள வெரலப் புடிச்சுப் பேசுவோம், அதச் சொல்றா. ஐவி டீச்சர் கோவிச்சுட்டு டீக்கு வச்ச வர்க்கியக் கூட எடுக்காமப் போயிட்டாங்க.

அன்னைக்கு அமத்துன டிவிதானுங்க. போடக் கூடாதுங்கறா. இன்னம் கதை மிச்சம் கெடக்குது, ஜன்னலோரம் போயி உக்காந்துக்கறா. நான் நாக்காலிய இழுத்துட்டுப் பக்கத்துல போனா, சாமி, கேரட்டப் பாக்கப் போங்கங்கறா. கல்யாணம் பண்ண நாள்ல இருந்து நாங்க சேந்து பண்ண காரியம் இது ஒண்ணுதானுங்க. அவ பள்ளிக்கூடம், நான் மண்டி, ராத்திரி சோறு. அவ்வளவுதான் குடும்பம். இந்தக் கதை வந்த பொறவுதான் ஒரே பெஞ்சுல உக்காந்தோம். அது போச்சு.

அதனாலதான் கேக்கறேன். தாளு எங்கயாச்சும் கொறையுதா?

புதுசு ஒண்ணு இருக்குதா? எடுங்க எடுங்க. பாலத்துப் பக்கத்தப் பிரிங்க. நீங்க படிக்காதீங்க, காட்டுங்க, நானே பாத்துக்கறேன். நீங்க படிச்சா உங்களுக்குத் தோதாப் படிப்பீங்க. ம். பாலம் எரியுது. ம். இல்வராவோட கை நழுவுது. கீழ ஆத்துச் சத்தம் மட்டும்தான். ம்.

அப்ப அச்சுலயே போயிட்டா.

படம் எடுத்தவங்க மாத்திட்டாங்கன்னா என்னங்க அர்த்தம்? ஆரக் கேட்டு மாத்துனானுங்க? எழுதுன ஆளே சம்மதம் குடுத்தாங்களா! சாகடிச்சதும் அவங்க, பொழைக்க வச்சதும் அவங்களா? இப்படி ரெண்டு வெல சொன்னா எங்க மண்டியில செருப்பால அடிப்பாங்க. நீங்க என்னமோ, அப்படித்தான் மாத்துவாங்க, அது வேற இது வேறன்னு சாதாரணமாச் சொல்றீங்க. சிரிப்பு வேற. என்னைப் பாத்தா, கதையப் பாத்தா?

இருங்க. அப்ப அவ படிச்சதும் நெசம், நான் பாத்ததும் நெசம். அதத்தான சொல்றீங்க? இத நான் போயிச் சொன்னா நம்புவாளா? படிக்காமப் பாத்திருந்தா நான் சொல்றதுதான் கதைன்னு போயிருக்கும். ஒரு வம்பும் இல்ல. படிச்சுத் தொலைச்சாளே. இப்ப எனக்குப் பாவம் பாத்து மாத்திச் சொல்லாதீங்கங்கறா. செத்தவளச் செத்தான்னு சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன், தாங்காததா, அப்படீங்கறா. அந்தச் சொல்லுதானுங்க என்னைக் குடையுது. ஏவாரத்துல நான் சொன்ன பொய்யெல்லாம் ஊரே நம்புச்சு. அன்னைக்கு ஒரு நயாபைசா கூட்டாம உள்ளத உள்ளபடி சொன்னேன், அத நம்ப மாட்டேங்கறா.

அவ நம்பற ஒரே ஆளு நீங்கதானுங்க. ஒருக்கா ஏதோ ஒரு புத்தகத்த எடுத்தப்ப, டீச்சர் இது வேண்டாம், கடைசில சொதப்பிட்டான்னு நீங்களே வாங்கி உள்ள வச்சுட்டீங்களாம். அதப் பெருமையா வந்து சொன்னா. வித்துட்டிருக்கற சரக்கக் குத்தம் சொன்ன ஏவாரிய நான் பாத்ததே இல்லீங்க. இந்தாளு எதையோ மறைக்கறான்னுதான் அன்னைக்கு நெனச்சேன். இன்னைக்கும் முழுசாத் தெளியல, உள்ளதச் சொல்றேன்.

அதனால கடையச் சித்த அந்தப் பொண்ணுகிட்ட உட்டுட்டு என்னோட வாங்க. ஜீப்பு கீழதான் நிக்குது. கேத்தி என்ன காசியா ராமேசுவரமா? வந்து அவ பக்கத்துல உக்காருங்க, டிவியப் போடுவோம். நான் வாயத் தொறக்கல. நீங்க சொல்லுங்க, பாலம் எரியுது, கை தெரியுது, ஏறி வாரான்னு. நான் அடுப்படில நின்னுக்கறேன்.

ஏன் சொல்லணும்னா... அட, உங்களுக்கு ஆரும் சொல்லலீங்களா? கண்ணு தெரியாதுங்க அவளுக்கு. சர்க்கர. ஒரு கண்ணு முன்னயே மங்கலு, இன்னொண்ணும் ஐப்பசி மழையோட போயிருச்சு. இந்தக் கடைசிப் பாகத்த பூதக்கண்ணாடி வச்சு மூக்குல ஒட்டி ஒட்டிப் படிச்சு முடிச்சா, அதோட சரி. டிவில வர்றத நாந்தான் பக்கத்துல இருந்து சொல்லிட்டு வந்தேன். பனி எப்படி உழுகுது, பாம்பு எந்தப் பக்கம் திரும்புது, எல்லாம்.

நீங்க ஏனுங்க கடை நடுவுல நின்னுட்டீங்க? சட்டைப் பித்தானப் போடுங்க, மேல காத்து அடிக்கும். சாவிய எடுத்துக்கிட்டீங்களா?

ஒண்ணு மட்டும் போற வழியில பேசி முடிச்சுக்கலாம். மொத நாளே எங்கிட்டக் கேட்டா, இல்வரா பாக்க எப்படி இருக்கறான்னு. புத்தகத்துல மூஞ்சியப் பத்தி ஒரு வரி எழுதலையாம். டிவில வாறது வெள்ளக்காரப் புள்ள, பனமர உசரம், தலமசுரு வெளுப்பு. எனக்கு மூஞ்சிய வர்ணிக்கத் தெரியுமா? உன்னாட்டவே இருக்கறா புள்ளைன்னுட்டேன். அவ கைய எடுத்துத் தன் மூஞ்சியத் தடவிப் பாத்துக்கிட்டா.

உங்களையும் கேப்பா. மத்ததெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லிருங்க சார், சாகறவ சாகட்டும், பொழைக்கறவ பொழைக்கட்டும். அது ஒண்ணுல மட்டும் எனக்கு விட்டுக் குடுங்க.