மவுஸ் மட்டும் ஓடுது

முதல்ல இந்த டீயைக் கொஞ்சம் எடுத்துடச் சொல்லுங்க சார். மேல ஆடை கட்டிக்கினு இருக்குது. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு ஆடைன்னா ஆகாது, உதட்டுல ஒட்டுனா கொமட்டும். சரி, இப்ப எழுதிக்குங்க. மறைக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.

பேரு பரசுராமன். ஊடு திருநின்றவூர். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல அந்த இரும்பு உருக்கற மில்லுல கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. அது வயித்துக்குச் செய்யற வேலை. மனசுக்குச் செஞ்சது வேற. நாங்க பதினோரு பேர் சம்பளம் இல்லாம, லீவு நாள்ல உக்காந்து, 'கொற்றலை'ன்னு ஒரு லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டற சாப்ட்வேர், உருவாக்கினோம். யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம், உள்ள திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மெனு மொத்தமும் தமிழ். எங்களுக்குத் தலை பழவேற்காட்டு ரஷீத். தங்கமான மனுஷன், அந்த நல்ல மனசே எனக்குச் சில நேரம் பேஜாரா இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு, ரெண்டாயிரத்தெட்டுப் பொங்கலுக்கு, ரெண்டாவது பதிப்பு வெளியிடறதா அறிவிச்சிருந்தோம். திருவள்ளூர்ல மண்டபம் பேசியாச்சு. ஐந்நூறு சிடி அச்சாயிடுச்சு. உறையோட பின்பக்கம் 'கிராபிக்ஸ்: சி. பரசுராமன்'னு போட்டிருந்துது. கிராபிக்ஸ் சிப்பு சம்பந்தமா வர்ற புகாரை யாரும் தொடமாட்டாங்க சார். ஒருத்தனுக்குத் திரை கறுப்பாயிடும், ஒருத்தனுக்குக் கோடு கோடா வரும், ஒருத்தன் எந்த சிப்புன்னே சொல்லாம திட்டி எழுதுவான். அந்தக் குப்பையெல்லாம் நான்தான் அள்ளினேன்.

ரஷீத் போட்ட விதி ஒண்ணு. ஒரு புகார் உண்மைன்னு உறுதியாகி, ஆபத்தானதும்கூடன்னா, அதுக்குச் சிவப்புக் குறி. ஒரு சிவப்பு நின்னாலும் வெளியீடு கிடையாது. நான் போட்ட விதி இன்னொண்ணு. புகார் எழுதினவனை விவரம் கேப்போம். பதினாலு நாளுக்குள்ள எங்க இணையதளத்துல பதில் வரலன்னா புகாரை மூடிடலாம். நவம்பர்ல நாப்பத்தோரு புகார் இருந்துது. டிசம்பர் கடைசியில ஒண்ணே ஒண்ணு. அதை எழுதினது எங்க மில்லு தணிகைவேல்.

அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியும், நீங்கதானே உள்ள வெச்சிருக்கீங்க. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆளு. உலையோட கண்ட்ரோல் ரூம்ல காலை ஷிப்ட். உலையைச் சுத்தி தாமிரச் சுருள் இருக்குது, அதுக்குள்ள தண்ணி ஓடிக்கினே இருக்கணும். தண்ணி கொதிச்சா சுருள் ஓட்டையாகும். அந்தத் தண்ணி உருகின இரும்புல பட்டா வெடிக்கும். அதனால தண்ணி எவ்வளவு சூடுன்னு ஒருத்தர் பார்த்துக்கினே இருக்கணும். முன்னாடி செவத்துல முள்ளு வெச்ச மீட்டரும் ஒரு மணியும் இருந்துது. மேல விரல் தடிமன் கரித்தூசி. அதைக் கழட்டிட்டு நம்ம கொற்றலையோட சோதனைப் பதிப்பைப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வெக்கலாம்னு முதலாளிகிட்ட சொன்னவன் நான்.

அந்த ரூமுக்குப் போறதுன்னாலே எனக்கு அருவருப்பு சார். கீபோர்டு சந்தெல்லாம் இரும்புத்தூள். மவுசைத் தொட்டா விரல் ஒட்டும். மூலையில எவனோ போயிலை துப்பி வெச்சிருப்பான். நான் பஞ்சும் டெட்டாலும் எடுத்துக்கினுதான் போவேன். தணிகைவேல் அதைப் பார்த்துச் சிரிப்பார், "சார் ஆபரேசனுக்கு வந்துட்டாரு"ன்னு. அவர் நகத்தைப் பாக்கணுமே, பத்து விரல்லயும் கறுப்பு. அந்த விரலால ஸ்டேஷன்கிட்ட இருக்கற பிரௌசிங் சென்டர்ல உக்காந்து அரை மணி நேரம் தட்டி ஒரு வரி அனுப்பியிருந்தார். 'ஸ்கிரீன் நிக்கிது, மவுஸ் மட்டும் ஓடுது.'

நான் பதில்ல மூணு கேள்வி கேட்டேன். சிப்போட எண், கெர்னல் பதிவு, கோளாறைத் திரும்ப வரவைக்கற வழி. மூணையும் இங்கிலீஷ்ல கேட்டேன். அவருக்கு இங்கிலீஷ் வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா எல்லாருக்கும் நான் வெச்சிருக்கற கேள்வி அதான், ஆளுக்கு ஆள் மாத்த முடியாது.

பன்னெண்டாம் நாள் அவர் நேரா என் ரூமுக்கே வந்துட்டார். பிரௌசிங் சென்டர் போன நேரமெல்லாம் கரண்ட் இல்லியாம். தினசரிக் காலண்டர் தாளுங்களைப் பின் குத்தி எடுத்தாந்திருந்தார். பின்பக்கம் பூரா பென்சில் எழுத்து, நடுவுல புளிசோத்து எண்ணெய். என் மேசைமேல வெச்சார். இதெல்லாம் தளத்துல எழுதணும், பேப்பர்ல தந்தா கணக்குல வராதுன்னு சொன்னேன். "நீங்களே ஏத்திடுங்க சார், எனக்கு அது வராது"ன்னார். பார்க்கலாம்னேன். அவர் போனதும் ரெண்டு விரல்ல தூக்கிக் கூடையில போட்டுட்டுக் கையைக் கழுவினேன்.

படிச்சேனான்னு கேக்கறீங்க. போடறதுக்கு முன்னாடி படிச்சேன். பதிமூணு தடவை நின்னிருக்குது. ஒவ்வொண்ணுக்கும் தேதி, மணி, எந்த நம்பர்ல நின்னுது, அப்ப குழாயைத் தொட்டா எவ்வளவு சுட்டுது, எத்தனை நிமிஷம் கழிச்சு கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டார், எல்லாம். நாலு வருஷமா புகார் பாக்கறேன், அவ்வளவு சுத்தமான புகாரை நான் பார்த்ததில்ல.

பதினாலாம் நாள் மூடிட்டேன். 'விவரம் வரவில்லை.' ரஷீத் போன் பண்ணி, நிஜமாவே ஒண்ணும் இல்லியா பரசு, ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் குடி முழுகிடாதுன்னார். ஒண்ணும் இல்லன்னேன். பொங்கலன்னைக்கு மேடையில எனக்குச் சால்வை போட்டாங்க. யாரோ ஏற்கெனவே போட்ட சால்வை, வேர்வை நாத்தம். ஊட்டுக்கு வந்ததும் வெளிய போட்டுட்டேன்.

நடுவுல இன்னொரு விஷயம், அதையும் எழுதிக்குங்க. புகார் மூடினதுக்கப்புறம் தணிகைவேலுக்கு ஒரு பழக்கம் வந்துது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் தண்ணிக் குழாயைக் கையால தொட்டுப் பார்த்துட்டு வருவார். திரையை நம்பலியாம். ஈரக்கை, துரு, அதோட வந்து மவுசைப் பிடிப்பார். நான் துடைச்சு வெச்ச மவுசு. ஷிப்ட் நேரத்துல யாரும் சீட்டை விட்டு எழக்கூடாதுன்னு முதலாளிகிட்ட சொல்லி நோட்டீஸ் ஒட்ட வெச்சேன். அவர் அதைப் படிச்சுட்டு என்னைப் பார்த்தார். மேலேர்ந்து வந்த ஆர்டர்னேன்.

ஜனவரி இருபத்தஞ்சு காலையில திரை நாப்பத்தோரு டிகிரியில நின்னுது. நாப்பத்தொண்ணு நல்ல நம்பர், யாருக்கும் சந்தேகம் வராது. எச்சரிக்கை ஒலியும் அதே புரோகிராமுக்குள்ள, அதுவும் சேர்ந்து நின்னுடுச்சு. தணிகைவேல் நோட்டீஸ்ல இருந்தபடி சீட்டுலயே உக்காந்திருந்தார். ரொம்ப நேரம் நம்பர் மாறலியேன்னு எழுந்து கதவுகிட்ட போறதுக்குள்ள வெடிச்சிடுச்சு. உலை வாய்கிட்ட கழிவு வாரிக்கினு நின்ன சடையப்பன் அங்கயே போயிட்டார். நான் போய்ப் பார்க்கல. வாடை ஆபீஸ் வரைக்கும் வந்துது, ஜன்னலை மூடிட்டேன். தணிகைவேல் தூங்கிட்டார்னு முதலாளி எழுதிக் கொடுத்தார். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

கோளாறு எதுன்னு எனக்கு முன்னாடியே தெரியுமான்னுதானே சுத்திச் சுத்தி வர்றீங்க. தெரியும். அந்த சிப்புல மவுஸ் அம்பை வரையறது ஒரு பாகம், மத்த படத்தை வரையறது வேற பாகம். படம் வரையறது மயங்கிட்டாலும் அம்பு அது பாட்டுக்கு ஓடும். ஊட்ல என் கம்ப்யூட்டர்லயும் அதே சிப்பு. அக்டோபர்லயே நின்னுது. செட்டிங் ஃபைல்ல ஒரே ஒரு வரி சேத்தேன், அதுக்கப்புறம் நிக்கல.

அந்த ஒரு வரியை மில்லுலயும் போட்டிருக்கலாம். போட்டா தணிகைவேல் சும்மா இருப்பாரா? அடுத்த நாளே பிரௌசிங் சென்டருக்குப் போய், பரசுராமன் சார் சரி பண்ணிட்டாரு, ரொம்ப நன்றின்னு எழுதுவார். ரஷீத் பார்ப்பார். சிவப்புக் குறி விழும். ஐந்நூறு சிடியும் குப்பைக்குப் போகும். அந்த மனுஷனோட நன்றியை நெனைச்சாலே எனக்கு அருவருப்பா இருந்துது.

முந்தாநாள் அந்தப் புகாரைத் திரும்பத் திறந்திருந்தாங்க. திறந்தது தணிகைவேல் சம்சாரம் ஈஸ்வரி. யாரையோ பக்கத்துல வெச்சுக்கினு தட்டியிருக்குது. ரஷீத் அதைப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட வந்திருப்பார். 'என் வீட்டுக்காரர் தூங்கலை சார். ஸ்கிரீன் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும்னு சொல்றார். ஒரு வரி எழுதுங்க, அவரை விட்டுடுவாங்க.' ஏகப்பட்ட எழுத்துப் பிழை. நான் ஒண்ணொண்ணா திருத்தித்தான் உங்ககிட்ட சொல்றேன்.

நான் நிதானமாத்தான் படிச்சேன். சோதனைப் பதிப்புல வந்த கோளாறு அது. அதை வெச்சு வெளியான பதிப்பை யாரும் குத்தம் சொல்ல முடியாது. 'புதிய பதிப்பில் இதே கோளாறு வந்தால் விவரத்துடன் மறுபடி எழுதவும்'னு போட்டு மூடினேன். மில்லு கம்ப்யூட்டரை நீங்க சீல் வெச்சிருக்கீங்கன்னு தெரியும், அதுல புதுப் பதிப்பைப் போட்டுப் பார்க்க யாராலயும் முடியாது. இந்தத் தடவை தமிழ்லதான் எழுதினேன் சார், அந்தம்மாவுக்குப் புரியணுமே.