ஓட்டுப் போடாத ஒப்பந்தம்

இல்லம்மா, நீங்க சரியாத்தான் கேட்டீங்க, நானும் சரியாத்தான் சொன்னேன். ஜனாதிபதியத் தேர்ந்தெடுக்கற முறைய மாத்தணும்னே உங்க கருத்துக்கணிப்புத் தாள்ல எழுதிக்கோங்க. மாவட்டக் கணக்கெல்லாம் வேண்டாம், நாடு முழுக்க விழுற ஓட்ட மொத்தமா எண்ணிடணும். எங்க ஆள்தானே ஜெயிச்சு உக்காந்திருக்கார், ஜெயிச்ச பக்கத்துக்காரி இப்படிச் சொல்றாளேன்னு பாக்கறீங்களா? முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். வீட்டுக்காரர் குளிக்கப் போயிருக்கார். லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவர், கைல இருக்கற கிரீஸ் போகறதுக்கே இருபது நிமிஷம் ஆகும்.

கணக்கு ரொம்பச் சுலபம். இந்தக் கட்டடத்துல அஞ்சு மாடி, மாடிக்கு நாலு வீடு. வெளிச்சுவருக்கு நீலமா வெள்ளையான்னு ஓட்டுன்னு வெச்சுக்கோங்க. மூணு மாடில மூணுக்கு ஒண்ணுன்னு நீலம் ஜெயிக்குது, மிச்ச ரெண்டு மாடியும் முழுக்க வெள்ளை. வீட்ட எண்ணினா வெள்ளை பதினொண்ணு, நீலம் ஒம்பது. மாடிய எண்ணினா நீலம். போன தேர்தல்ல நாட்டுக்கே அப்படித்தான் நீலம் அடிச்சுட்டாங்க. நாப்பத்தோரு மாவட்டத்துல எங்க ஆளுக்கு இருபத்தொண்ணு. அந்தக் கடைசி ஒண்ணு நம்ம மாவட்டம். அதுவும் ஒரே ஒரு ஓட்டுல. ஆமா, மூணு தடவை எண்ணினாங்க.

எங்க வீட்டுக்காரர் எதிர்ப் பக்கம். கல்யாணமான வருஷமே தெரிஞ்சுபோச்சு. அவர் போய் ஒண்ணு போட்டார், நான் போய் இன்னொண்ணு போட்டேன், வீட்டுக்கு வந்து மூணு நாள் பேசிக்கல. அப்புறம் அவரேதான் வழி சொன்னார், உன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போகுது, எதுக்கு ரெண்டு பேரும் வெயில்ல நிக்கணும்னு. அதுலேர்ந்து தேர்தல் நாள்னா வீட்ல கேரம்தான். இருபத்தாறு வருஷமா. சிரிக்காதீங்க, எத்தனை புருஷன் பெண்டாட்டிக்குள்ள இப்படி ஒரு ஒப்பந்தம் நிக்குது சொல்லுங்க?

முடிவு வந்தப்ப மனுஷன் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. நான் ஒருத்தன் போயிருந்தா சமமா வந்திருக்கும், சீட்டுக் குலுக்கியிருப்பாங்கன்னு ஒரே புலம்பல். அப்புறம் அவரே தேத்திக்குவார், நான் போனா நீயும் போயிருப்பே, அதே ஒரு ஓட்டுதானே நின்னிருக்கும்னு. ஆமாங்கன்னு சொல்லுவேன். இன்னும் தினமும் ஒரு தடவையாவது கேக்கறார். வேலைக்குக் கிளம்பறப்ப செருப்ப மாட்டிக்கிட்டே கேப்பார். நானும் ஆமாங்கன்னு சொல்லி டிபன் பாக்ஸக் கைல குடுப்பேன்.

மாத்திட்டா இந்தக் கேள்வியே கிடையாதும்மா. கோடிக்கணக்கான ஓட்டுல ஒத்த ஓட்ட யார் தேடப்போறாங்க?

காரணம்னு தனியா ஒரு கட்டமா? கண்டிப்பா நிரப்பணுமா? பேர் போடமாட்டீங்கல்ல?

தண்ணி விழுற சத்தம் இன்னும் கேக்குது. சரி, பேனாவக் கீழ வைங்க, சொல்றேன். தேர்தல் அன்னிக்கு நான் சர்க்கரை வாங்கத்தான் போனேன். பள்ளிக்கூட வாசல்ல வரிசையே இல்ல, கால் தானா உள்ள போயிடுச்சு. வெளிய வந்தப்பறம்தான் விரல்ல மை இருக்கறதே உறைச்சுது. வெங்காயம் நறுக்கறப்ப வெட்டிக்கிட்டேன்னு துணி சுத்திக்கிட்டேன். பாவம், பத்து நாளும் பாத்திரம் பூரா அவர்தான் கழுவினார்.