காட்டி, கொடுத்த பிள்ளை

பெயர்: மேரிசெலின் குணசேகரம். வயது: 74. கணவர்: காலஞ்சென்ற குணசேகரம். தொழில்: ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. வசிப்பிடம்: கிரின்ஸ்டெட், டென்மார்க். வாக்குமூலம் பதிவான இடமும் நாளும்: எஸ்பியர்க் பொலிஸ் நிலையம், 09.06.2009.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். எனக்குக் கண் தெரியாது, அதனால்தான் நிஷாந்தியைப் பற்றிய கட்டுரையின் தலைப்பு பிழையாகிப் போனது என்று எங்கள் ஆட்கள் சொல்லித் திரிகிறார்கள். என் இரு கண்களிலும் 2007இல் புரை நீக்கப்பட்டது. நடந்தது பார்க்காமல் விட்ட பிழை அல்ல, பார்த்துச் செய்த திருத்தம்.

கோணேசன் எஸ்பியர்க்கில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1994 முதல் சனிக்கிழமைகளில் உள்ளூர் வானொலியில் ஒரு மணிநேரம் பேசிவந்தார். காற்சட்டை போடும் பெண்கள், டேனிஷ் பையன்களோடு பழகுபவர்கள், பிள்ளைகளோடு டேனிஷில் கதைக்கும் தாய்மார் ஆகியோரை ஏசுவார். நேயர்களும் தொலைபேசியில் சேர்ந்து ஏசுவார்கள். 2006இல் வலைப்பூவில் எழுதத் தொடங்கினார். அவரது முதல் கட்டுரையில் பதினொரு பிழைகள் இருந்தன. அவற்றை எழுதி அனுப்பினேன். அதன் பின்னர் ஒவ்வொரு கட்டுரையையும் என்னிடம் அனுப்பி, நான் திருத்தியபடியே வெளியிட்டுவந்தார்.

நிஷாந்தி எனக்கு வீட்டுப் பராமரிப்பு உதவியாளர். செவ்வாயும் வெள்ளியும் வந்து என் கால்களுக்கு இறுக்கக் காலுறை போட்டுவிடுவார். டென்மார்க்கில் பிறந்தவர், தமிழ் வாசிக்க மாட்டார். ஏப்ரலில் அவரது மாமா யுத்தம் நடந்த வன்னியிலிருந்து அனுப்பிய படங்களை அவர் ஒரு டேனிஷ் பத்திரிகை அலுவலகத்தில் காட்டி, பிரசுரிக்கக் கொடுத்தார். படத்தின் கீழே மாமா தங்கியிருந்த இடத்தின் பெயரும் அச்சானது.

அதன் பின்னர், ஏப்ரல் 25ஆம் திகதி, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகக் கோணேசன் இளம் பெண் ஒருவரை, நிஷாந்தியை, பாராட்டி எழுதினார். "காட்டி, கொடுத்த பிள்ளை" என்று தலைப்பிட்டிருந்தார். இகரத்தில் முடியும் வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்று கன்னியர் மடப் பாடசாலையில் படித்தவள் நான். காற்புள்ளியை எடுத்து, 'க்' என்ற ஒற்றைப் போட்டுச் சேர்த்தேன். "காட்டிக்கொடுத்த பிள்ளை" என்று வெளியானது. நான் விதியைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

மே 1ஆம் திகதி படத்தின் கீழே பெயர் அச்சான அந்த இடத்தில் செல் குண்டு விழுந்தது. மாமாவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மறுநாள் வானொலி நிகழ்ச்சியில் பேசிய அனைவரும் தலைப்பையே சொல்லி நிஷாந்தியை ஏசினார்கள். கட்டுரையை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. அன்றே கோணேசனை அழைத்து, தலைப்பு என் கையால் பிழையானது என்று வானொலியில் அறிவிக்கச் சொன்னேன். அவர் சொன்னது:

"ரீச்சர், இண்டைக்கு லைன் ஒரு நிமிஷம் ஓயேல்ல. கனடாவில இருந்தும் எடுத்தவை. இப்ப திருத்தினா என்னையும் துரோகி எண்டுவினம். பேசாம இருங்கோ."

நான் பேசாமல் இருந்தேன்.

மே 5ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலுறை போட்டுக்கொண்டிருந்தபோது நிஷாந்தி கேட்டார்: "ரீச்சர், காட்டிக்கொடுக்கிறது எண்டா என்ன? கோயில்ல அப்பாவோட ஒருத்தரும் கதைக்கேல்ல."

பொருளைச் சொன்னேன். அவர் மற்றக் காலுறையையும் போட்டு முடித்தார். அதன் பின்னர், "ஆர் அப்பிடி எழுதினது?" என்றார்.

"கோணேசன்" என்றேன்.

மே 18இல் யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். மே 22 காலையில் நிஷாந்தியின் கார் அவரது வீட்டு வாசலில் எரிந்து கிடந்தது. எரித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அன்று டேனிஷ் பெண் ஒருவர் காலுறை போட வந்தார். நிஷாந்தி கிரின்ஸ்டெட்டை விட்டுப் போய்விட்டார் என்று அவரிடமிருந்தே அறிந்தேன். ரீச்சருக்குக் கண் தெரியாது என்று கோணேசன் சொல்லத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

மேலே உள்ளவை யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்ன உண்மைகள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் எழுதியதை நானே வாசித்தேன். இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருக்கிறது. அவற்றை நான் தொடவில்லை.

நிஷாந்தியின் புதிய முகவரியை நான் கேட்கவில்லை. இந்த வாக்குமூலம் டேனிஷில் அவர் கையில் கிடைத்ததா என்பதை மட்டும் எனக்கு எழுத்தில் அறியத்தரவும்.

(ஒப்பம்) மே. குணசேகரம்